தனம்மாளின் விரல்கள்

(தண்டலத்தில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்துக்கு வெளியே ஓடும் நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் சென்னை. மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் காஞ்சிபுரம். நான் இன்று பேசப்போகும் பெண்மணியின் கதை இந்த இரண்டு ஊர்களோடும் பிணைந்தது. அவர் வீணை வாசித்தது சென்னை ஜார்ஜ் டவுனில். பேத்திகளைப் பாட்டுக் கற்க அனுப்பியது காஞ்சிக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தண்டலத்தில் அவரைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அவர் பெயர் வீணை தனம்மாள். 1867-ல் பிறந்தார், 1938-ல் மறைந்தார். கர்நாடக இசையில் வீணை என்று பேச்செடுத்தால் விவரம் அறிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் அது. பெரிய கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது தெய்வ அருள், பூர்வஜன்மப் புண்ணியம் என்று சொல்லி ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. தனம்மாளுடைய வாசிப்பு கை உழைப்பால் வந்தது. மூன்று நான்கு தலைமுறைப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே சேர்த்துவைத்த அறிவால் வந்தது. அருள் என்று சொன்ன மாத்திரத்தில் அந்தப் பெண்களும் அவர்கள் உழைப்பும் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் காரும், சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசியும், ஒரகடத்தில் மோட்டார் சைக்கிளும் செய்கிற கைகள் கூடியிருக்கும் அவை இது. கைத்திறன் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கண்ணோடு அவர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

கதை தஞ்சாவூரில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர்களின் அரண்மனையில் பாப்பம்மாள் என்ற ஆடல் பாடல் கலைஞர் இருந்தார். அந்த வழியில் வந்தவர் காமாட்சி அம்மாள், அரண்மனை நடனக் கலைஞர். அவர் மகள் சுந்தரம்மாள், தேர்ந்த பாடகி. சுந்தரம்மாளின் மகள்தான் தனம். 1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசையே எடுத்துக்கொண்டது. அரண்மனை போனதும் அதை நம்பியிருந்த பாடகர்கள், நட்டுவனார்கள், ஆடல் மகளிர், வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் பிழைப்புப் போனது. ஒரு பெரிய ஆலை மூடப்பட்டால் அந்த ஊருக்கு என்ன நேரும் என்பதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டிருக்கிறது. தஞ்சையில் அன்று நடந்ததும் அதுதான். பிழைக்க வழி தேடிப் பலர் சென்னைக்கு வந்தார்கள்.

சென்னையில் அரசர் இல்லை, பணம் இருந்தது. கோட்டைக்கு வடக்கே துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் வணிகர்களும், வெள்ளையருக்கு மொழிபெயர்த்த துபாஷிகளும் வாழ்ந்தார்கள். இன்று ஜார்ஜ் டவுன் என்கிறோம், அன்று அதற்குக் கறுப்பர் நகரம் என்று பெயர். இசையைப் போற்றி ஆதரித்தவர்கள் அந்தச் செல்வந்தர்கள்தான். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பமே அவருடைய இளமையில் சென்னைக்கு வடக்கே மணலியில், ஒரு முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கிற அதே மணலி. தீட்சிதரும் வீணை வாசித்தவர் என்பதையும், காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கி வாழ்ந்தவர் என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனம்மாள் பிறந்த குலத்தைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். தேவதாசி மரபைச் சேர்ந்த குடும்பம் அது. அந்த வீடுகளில் சொத்தும் கலையும் பெண்வழியாகவே இறங்கின. பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து இருக்காது, ஊரின் முதலெழுத்து இருக்கும். தனம்மாளின் பேரப்பிள்ளைகள் டி. பாலசரஸ்வதி, டி. பிருந்தா, டி. முக்தா, டி. விஸ்வநாதன் என்று உலகெங்கும் அறியப்பட்டார்கள். அந்த ‘டி’ தஞ்சாவூர். ஊரை விட்டு வந்து எழுபது எண்பது ஆண்டு ஆன பிறகும் அந்தக் குடும்பம் தஞ்சையைப் பெயரில் சுமந்தது. மற்ற வீடுகளில் பெண் குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், இந்த வீடுகளில் பெண்கள் தமிழும் தெலுங்கும் படித்தார்கள், ராகமும் தாளமும் கற்றார்கள், பெரிய வித்வான்களோடு சமமாக உட்கார்ந்து பேசினார்கள். அதே பெண்களைச் சமூகம் எப்படி நடத்தியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தனம் யாரிடமெல்லாம் கற்றார் என்று பார்த்தால் ஒரு பாடசாலையே கண்முன் விரிகிறது. தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர். அதனால் சியாமா சாஸ்திரியின் கிருதிகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. தீட்சிதர் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சு ஐயர் சொல்லிக்கொடுத்தார், அவர் தீட்சிதரின் சீடர் வழியில் வந்தவர். க்ஷேத்ரய்யாவின் பதங்களைக் கண்பார்வையற்ற பாலதாஸ் நாயுடுவிடமிருந்து பெற்றார். ஜாவளிகள் எழுதிய தர்மபுரி சுப்பராயர் குடும்பத்துக்கு நெருங்கியவர். அச்சுப் புத்தகம் அரிதாகவும் ஒலிப்பதிவு இல்லாமலும் இருந்த காலம். ஒரு பாட்டு ஒருவர் மனத்தில் இருந்தால் உண்டு, அவர் போனால் அதுவும் போயிற்று. அப்படிப்பட்ட நாளில் இத்தனை ஓடைகளும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்தன. நூலகம் என்று எதைச் சொல்கிறோமோ, தனம்மாளின் ஞாபகம் அதுவாக இருந்தது.

இனி வீணைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்வது. மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்டியின் மேல் இரண்டு வரிசை மெழுகு, அதில் பதித்த 24 மெட்டுகள். வாசிப்புத் தந்தி நான்கு, பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. இந்த 24 மெட்டுகளையும் மெழுகில் நிறுத்துவதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். உங்கள் ஆலைகளில் ஒரு பாகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெர்னியர் இருக்கிறது, கேஜ் இருக்கிறது. மேளம் கட்டுகிறவருக்குக் காதுதான் அளவுகோல். மெழுகு இளகும்போது மெட்டை நகர்த்துவார், தந்தியை மீட்டுவார், கேட்பார், மறுபடி ஒரு மயிரிழை நகர்த்துவார். வெயில் காலத்தில் மெழுகு இளகி மெட்டு அசைந்தால் எல்லா வேலையும் முதலிலிருந்து. அந்த வேலையைச் செய்கிறவர்களின் பெயர் கச்சேரி மேடையில் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட வேண்டும்.

மெட்டுகள் இருக்கும் வாத்தியத்தில் சுரங்கள் தனித்தனிப் படிகளாகத்தானே நிற்கும், பாட்டின் குழைவு எப்படி வரும் என்று கேட்கலாம். இடது கை விரல் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுக்கிறது. இழுக்க இழுக்கச் சுரம் ஏறுகிறது, விட விட இறங்குகிறது. ஒரே மெட்டில் நின்றபடி மூன்று நான்கு சுரங்களைத் தொட்டுவிட்டு வரலாம். கமகம் பிறப்பது அந்த இழுப்பில்தான். ஒரு கடுகளவு அதிகமாக இழுத்தால் வேறு ராகம். விரல் நுனியில் தந்தி பதிந்து பதிந்து தழும்பு ஏறி, அந்தத் தழும்பு காய்த்துப்போன பிறகுதான் அது வாசிக்கிற விரல் ஆகிறது.

வலது கையில் தனம்மாள் மீட்டி எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. வெறும் நகத்தால், விரலால் வாசித்தார். அதனால் நாதம் சிறியது. பக்கத்து அறையில் உள்ளவர்களுக்கு முழுதாகக் கேட்காது. வாசித்துக்கொண்டே மெல்லிய குரலில் பாடவும் செய்வார், குரலும் தந்தியும் ஒன்றில் ஒன்று இழையும். பெரிய பந்தலில் ஆயிரம் பேருக்குக் கேட்கவேண்டும் என்ற எண்ணமே அந்த வாசிப்பில் கிடையாது. அது ஒரு குறை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஒரு முடிவாகப் பார்க்கிறேன். இத்தனை பேருக்குத்தான், இத்தனை அருகில்தான், இத்தனை மெதுவாகத்தான் என்று அவரே வகுத்துக்கொண்ட எல்லை. கேட்பவர் அருகில் வரவேண்டும், வாயை மூடவேண்டும், காதைத் தீட்டவேண்டும். கேட்பதற்கும் உழைப்பு வேண்டும் என்று சபைக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அந்தச் சபை கூடியது வெள்ளிக்கிழமை மாலைகளில், அவருடைய வீட்டில். விளக்கு ஏற்றிய பிறகு வாசிப்புத் தொடங்கும். வந்து உட்கார்ந்தவர்களில் வித்வான்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், வணிகர்கள் இருந்தார்கள். யாராயிருந்தாலும் சத்தம் கூடாது. சின்னச் சலசலப்பும் அவருக்குப் பொறுக்காது. கைதட்டல், சபாஷ் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. ஊரில் பெரிய பெயர் வாங்கிய பாடகர்கள் அங்கே மாணவர்களைப் போல வந்து, ஒரு ராகத்தை அவர் எங்கே தொடங்குகிறார், எந்தச் சுரத்தில் நிற்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கவனித்துக்கொண்டு போனார்கள். இங்கே ‘எதை விட்டுவிடுகிறார்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ராகத்தின் சாரத்தைச் சில பிடிகளில் காட்டிவிட்டு நிறுத்திவிடுவது அவர் வழி. மணிக்கணக்கில் ஆலாபனை செய்து அசத்துவது அவருக்கு அந்நியம்.

பாட்டு வகைகளில் பதம் அவர் வீட்டின் தனிச் சொத்து. மிக மெதுவான காலத்தில் போகும். ஒரு பெண்ணின் ஏக்கம், கோபம், ஊடல், ஏளனம், அவமானம் எல்லாம் அதில் வரும். பெண் பேசுகிற பாட்டுகளைப் பெண்களே காப்பாற்றி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் சிலர் இந்தப் பாட்டுகளைச் சிற்றின்பம் என்று ஒதுக்கினார்கள். பதம் பாட மூச்சுக் கட்டுப்பாடு வேண்டும், மொழி அறிவு வேண்டும், தாளத்தின் நீண்ட இடைவெளியில் தடுமாறாமல் நிற்கும் திண்மை வேண்டும். ஒதுக்கியவர்களில் எத்தனை பேரால் ஒரு பதத்தை முழுதாகப் பாடமுடிந்திருக்கும் என்பது என் கேள்வி.

வருமானம்? செல்வர்களின் ஆதரவு இருந்தது. ஆனால் பெரிய குடும்பம், கணக்குப் பார்க்காத கை. பிற்காலத்தில் பணக் கஷ்டம் வந்தது, கண்பார்வையும் போயிற்று. பார்வை போன பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. ஓய்வூதியம், வைத்திய உதவி, காப்பீடு என்று எதுவும் இல்லாத உழைப்பாளியின் முதுமை அது. 1930-களில் அவருடைய வாசிப்புச் சில 78 சுழற்சி இசைத்தட்டுகளில் பதிவானது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான சாதகத்திலிருந்து அவர் குரலாகவும் வீணையாகவும் நமக்கு மிஞ்சியவை அந்தச் சில தட்டுகள்தான்.

அவருடைய கடைசிக் காலத்தில் சென்னையில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார். அவரே அந்த மரபில் வந்த ஒரு தாயின் மகள். பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தில் இருந்த கொடுமையை அவர் அறிந்திருந்தார். அவருடைய போராட்டம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 1947-ல் சட்டம் நிறைவேறியது. ஆனால் முறையை ஒழிக்கக் கிளம்பிய ஆவேசத்தில், அந்தப் பெண்களிடம் இருந்த கல்வியையும் தொழிலையும் சேர்த்தே ஊர் இழிவுபடுத்தியது. அவர்கள் ஆடினால் இழிவு, அதே ஆட்டத்தை மற்றவர்கள் கற்று ஆடினால் தெய்வீகக் கலை என்று ஒரு கணக்கு உருவானது. அநீதியை நீக்குவதும் அந்த அநீதிக்கு ஆளானவரின் திறமையை மதிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவையா? இரண்டையும் சேர்த்துச் செய்ய நம் சமூகம் தவறிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இந்தச் சூழலில்தான் தனம்மாளின் வீடு ஒரு துணிந்த காரியம் செய்தது. மகள் ஜெயம்மாளின் குழந்தை பாலசரஸ்வதி ஆட விரும்பினாள். நடனத்துக்கு ஊரில் இருந்த வெறுப்பு தெரிந்திருந்தும் குடும்பம் அவளைக் கந்தப்ப நட்டுவனாரிடம் விட்டது. 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது. தாய் ஜெயம்மாள் பாட, மகள் ஆடுவாள். உலகம் பார்த்த மாபெரும் நடனக் கலைஞர் ஒருவரின் பயணம் தொடங்கியது உங்கள் பக்கத்து ஊரில் என்பதை இங்குள்ள குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

மற்றொரு மகள் காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும். பேரப்பெண்கள் வீட்டு வழியை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது என்று தனம்மாள் நினைத்தார். அவர்களைக் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் அனுப்பினார். நாயனாப் பிள்ளை லயத்தில் சிங்கம். பக்கவாத்தியங்கள் வரிசையாக அணிவகுக்க, தாளக் கணக்கில் யாரும் அசைக்கமுடியாதபடி பாடியவர். அவர் தாயார் காமாட்சியும், தாயின் சகோதரி தனகோடி அம்மாளும் காஞ்சியில் புகழ்பெற்ற பாடகிகள். தன்னுடைய வாசிப்புக்கு நேர் எதிரான பாணி ஒன்றைப் பேத்திகள் கற்கட்டும் என்று முடிவெடுத்த ஆசிரியையின் மனத்தை எண்ணிப் பாருங்கள். தன் வழியே சிறந்தது என்று பூட்டிவைக்காத பெருந்தன்மை அது. அந்தப் பெண்களின் பாட்டில் பிற்பாடு வந்த உறுதியில் காஞ்சிக்கும் பங்கு உண்டு.

இங்கே கொஞ்சம் தொலைவுக்குப் போய்வருகிறேன். சீனாவில் பிபா என்று ஒரு தந்தி வாத்தியம் உண்டு. பேரிக்காய் வடிவம், நான்கு தந்தி, நிறைய மெட்டுகள். தாங் அரசர்கள் காலத்தில் அதைக் கிடையாகப் பிடித்துப் பெரிய மீட்டுகட்டையால் வாசித்தார்கள். பிறகு நிமிர்த்திப் பிடித்து, கட்டையைக் கைவிட்டு விரல் நகத்தால் வாசிக்கத் தொடங்கினார்கள். தனம்மாள் நகத்தைத் தேர்ந்தது நினைவுக்கு வருகிறதல்லவா? அங்கும் இடது கை தந்தியைத் தள்ளி இழுத்துத்தான் சுரத்தைக் குழைக்கிறது.

568-ஆம் ஆண்டு மத்திய ஆசியாவின் குச்சா நாட்டிலிருந்து சுஜீவன் என்று ஊகிக்கத்தக்க பெயருடைய பிபாக் கலைஞர் ஒருவர், சீனப் பேரரசருக்கு மணமுடிக்கப்பட்ட துருக்கிய இளவரசியின் பரிவாரத்தோடு சீனத் தலைநகருக்கு வந்தார். அவருடைய வாசிப்பில் ஏழு பண்முறைகள் இருப்பதைக் கண்டு ஓர் அறிஞர் விசாரித்தபோது, தன் தகப்பனார் இசையறிந்தவர் என்றும், தலைமுறை தலைமுறையாகத் தங்கள் குடும்பத்தில் இது வருகிறது என்றும் அந்தக் கலைஞர் பதில் சொன்னதாகச் சீன வரலாற்று நூலில் பதிவாகியிருக்கிறது. அந்த ஏழின் பெயர்களைச் சீன எழுத்தில் குறித்திருக்கிறார்கள். அவற்றில் சாதாரிதம், கைசிகம், பஞ்சமம், ஷட்ஜகிராமம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். இதே பெயர்கள் நம் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டளவில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டில் இருக்கின்றன! உருத்திராசாரியரின் மாணவரான ஓர் அரசர் சீடர்களின் நன்மைக்காகச் செய்வித்தது என்று அந்தக் கல்வெட்டு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. சுஜீவன் காலத்துக்குச் சுமார் எழுபது ஆண்டுகளுக்குப் பின் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். பண்களின் பெயர்கள் அவருக்கும் முன்னாலேயே அந்தப் பிபாக்காரரின் விரல்களில் சீனாவுக்குப் போய்விட்டன. இன்று சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஆட்கள் வந்து இந்த வட்டாரத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களோடு நமக்குப் பேச இயந்திரங்களைத் தவிர வேறு விஷயமும் இருக்கிறது.

அந்த நாட்டில் தனம்மாளின் உடன்பிறப்பைப் போல ஒருவர் இருந்தார். ஊர் வூஷி, அழைக்கும் பெயர் ஆபிங், 1893-ல் பிறந்தவர். தகப்பனார் தாவோ கோயில் பூசாரி, இசை கற்றுக்கொடுத்தவரும் அவரே. பிறப்பைச் சொல்லி ஊர் அவரை ஏளனம் செய்தது. நடுவயதில் பார்வை இழந்தார். எர்ஹூ என்ற வில் வாத்தியத்தையும் பிபாவையும் வாசித்துத் தெருவில் பிழைத்தார். 1950 கோடையில் யாங் யின்லியூ என்ற இசை அறிஞர் கம்பிப் பதிவுக் கருவியோடு அவரைத் தேடிப்போனார். எர்ஹூவில் மூன்று, பிபாவில் மூன்று, ஆக ஆறு உருப்படிகள் பதிவாயின. மீதியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஆபிங் இறந்துபோனார். அவருக்குத் தெரிந்த மற்றதெல்லாம் அவரோடு போயிற்று. அந்த ஆறும் இன்று சீன இசையின் செல்வங்கள்.

ஆபிங்கைவிட தனம்மாள் ஒரு விதத்தில் பாக்கியசாலி. தட்டுகள் சிலவே ஆனாலும், அவருக்கு வீடு நிறைய வாரிசுகள் இருந்தார்கள். ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி என்ற நான்கு மகள்களும் பாடகிகள். லட்சுமிரத்னத்தின் மகன் டி. சங்கரன் வானொலியில் பணியாற்றி, அந்தக் குடும்பத்தின் கதைகளை எழுத்தில் வைத்தார். ஆர். ரங்கராமானுஜ ஐயங்காரும் சாவித்திரி ராஜனும் அவரிடமே வீணை கற்றார்கள், ஐயங்கார் தான் கேட்டதைச் சுரப்படுத்தி அச்சிலும் ஏற்றினார். பிருந்தாவிடம் பதம் கற்க எம். எஸ். சுப்புலட்சுமி உட்பட முன்னணிப் பாடகர்கள் போனார்கள். பாலசரஸ்வதி 1973-லும் பிருந்தா 1976-லும் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார்கள், பாலாவைப் பற்றி சத்யஜித் ராய் ஒரு படம் எடுத்தார். பாலாவின் தம்பிகள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் ஆனார்கள். அங்கே அவர்களிடம் கற்ற ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் தியாகராஜரையும் பதங்களையும் பாடி, ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம் ரசிகர்களிடம் பெயர் எடுத்தார். ஜார்ஜ் டவுன் கூடத்தில் சத்தம் போடாமல் கேட்ட பாட்டு அவ்வளவு தூரம் போயிற்று.

பரம்பரை இல்லாதவர்களுக்கு வீணை வராதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். வரும். எஸ். பாலசந்தர் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளை. ஏழு வயதில் ‘சீதா கல்யாணம்’ படத்தில் கஞ்சிரா வாசித்தவர். 1954-ல் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை இயக்கியவர். ஆசிரியர் யாரும் இல்லாமல் தானே வீணை கற்று, உலகம் சுற்றி வாசித்து, 72 மேளகர்த்தா ராகங்களையும் இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். 1990-ல் கச்சேரிக்குப் போன இடத்தில், பிலாய் எஃகு நகரத்தில் உயிர் நீத்தார். ஒலிபெருக்கியின் யுகத்துக்கு ஏற்ற வீணை அவருடையது. முரட்டு வேகமும் நீண்ட இழுப்பும் கலந்த பெரிய நாதம். தனம்மாளின் வழிக்கு நேர் எதிர்த் திசை. இரண்டும் வீணையே. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இன்று எல்லா இசையும் உரக்கப் பேசும் காலம் என்பதால், சின்ன நாதத்துக்கு ஆதரவாகப் பேச ஆள் தேவைப்படுகிறது. அதனால்தான் இந்த மாலையைத் தனம்மாளுக்குக் கொடுத்தேன்.

தனம்மாள் 1938 அக்டோபரில் காலமானார். அதே ஆண்டு ஜூனில்தான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து ஆண்டு அவர் இருந்திருந்தால் அவர் வாசிப்பு மணிக்கணக்கில் நமக்குக் கிடைத்திருக்கும்.

அன்பர்களே, உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கூத்துப் பாட்டோ, ஒப்பாரியோ, உடுக்கைப் பாட்டோ, நாகசுரமோ தெரிந்த முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். உலகத்துக்கே கைப்பேசி செய்து அனுப்புகிற வட்டாரம் இது. அந்தக் கைப்பேசியை எடுத்து அவர் முன்னால் வைத்து, அவருக்குத் தெரிந்ததை முழுதாகப் பதிவு செய்யுங்கள், அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அவர் யாரிடம் கற்றார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் கேட்டுக் குறித்துவையுங்கள். இன்னொன்று, தனம்மாளின் அந்த மூன்று நிமிடத் தட்டுகளில் ஒன்றைத் தேடிப்பிடித்து, இன்று இரவு தூங்கப்போவதற்கு முன் இரண்டு முறை கேளுங்கள். பழைய தட்டு, இரைச்சல் இருக்கும். முதல் முறை இரைச்சல்தான் காதில் விழும். இரண்டாவது முறை கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.